வேலிக்கு ஓணான் சாட்சி

இதற்குப் பின்காலில் நான்கு விரல்தான். மற்ற ஓணான்களுக்கு ஐந்து. உடம்பு ஆள்காட்டி விரல் நீளம்கூட வராது. வால்தான் அதைவிட நீளம். மண் நிறம், முதுகில் வரிசையாகப் பழுப்புச் சாய்சதுரங்கள். அசையாமல் இருந்தால் பத்தடி தூரத்தில் நின்றாலும் கண்ணுக்குப் படாது. ஆனால் சித்திரை வெயில் ஏறியதும் ஆண் ஓணான் ஒரு மேட்டில் ஏறிக்கொண்டு, தாடைக்குக் கீழே மடித்து வைத்திருக்கும் தோலை விரித்து விரித்து மூடும். அப்போது பார்க்காமல் போகிறவன் யாரும் இல்லை.

நான் நில அளவைத் துறையில் இருந்தவன். கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, ஊத்துக்கோட்டைப் பக்கம்தான் என் வேலைக்காலத்தின் பெரும்பகுதி போனது. மாதர்பாக்கத்தில் இருந்து சத்தியவேடு மலை தெரிகிற செம்மண் மேட்டிலும், ஆரணியாறு கடலைத் தேடிப் போகிற பழவேற்காட்டு மணலிலும் செயின் இழுத்திருக்கிறேன். அந்த வெட்டவெளியில் இந்த ஓணானுக்கு ஏறி நிற்க உயரமான இடம் ஏது? நாங்கள் நட்ட சர்வே கல்தான். கல்லைத் தேடிப் புதரை விலக்கினால், பல இடங்களில் கல்லுக்கு முன்னே இதுதான் தெரியும். எங்களோடு வந்த செயின்மேன் ஒருவர் சொல்வார்: “கல்லு எங்கேன்னு நாம தேட வேணாம் சார். தாடி ஆட்டுறவன் எங்க நிக்கிறான்னு பாருங்க.” மழைக்காலத்தில் அந்த வித்தை செல்லாது என்பதையும் அவரே சொல்லிவிடுவார். “மழை விழுந்துட்டா ஆளே இருக்க மாட்டான் சார்.”

ஓய்வுக்குப் பிறகு இந்தப் பிராணியின் பதிவேட்டைத் தேடிப் படித்தேன். நிலத்துக்குப் பதிவேடு இருப்பது போல உயிர்களுக்கும் உண்டு. எந்த ஆண்டு, எந்த ஊரில் கிடைத்தது, யார் விவரித்தார், மூலப் பிரதி எங்கே இருக்கிறது என்று எல்லாம் அதில் எழுதியிருக்கும். நம் கடற்கரை ஓணானின் பதிவேடு பாரிஸில் தொடங்குகிறது, ஆண்டு 1829.

அதற்கு முன்பும் சோழமண்டலக் கரையில் ஊர்வன சேகரித்தவர்கள் இருந்தார்கள். தரங்கம்பாடியில் 1771இல் வந்து இறங்கிய கிறிஸ்தோப் சாமுவேல் யோன் என்ற ஜெர்மன் பாதிரியார், மத ஊழியத்துக்கு இடையில் மீனும் பாம்பும் சேர்த்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். நம் ஊரில் இருதலைப் பாம்பு என்று ஏமாற்றி விற்கிறார்களே, அந்த மண்ணுளிப் பாம்பின் அறிவியல் பெயரில் இன்றும் இருப்பது அவர் பெயர்தான். அந்தப் பெயரை இட்டவர் பேட்ரிக் ரஸ்ஸல். கம்பெனியின் இயற்கையியலாளராகச் சென்னை மாகாணத்தில் இருந்து, சோழமண்டலக் கரைப் பாம்புகளைப் பற்றிப் பெரிய படநூல் எழுதியவர். முதல் தொகுதி 1796இல் வந்தது. இவர்களுக்குப் பாம்பின் மேல் கண் போனதற்கு ஒரு காரணம் இருந்தது. எந்தப் பாம்பு கடித்தால் ஆள் சாவான் என்று தெரிந்துகொள்வது கம்பெனிக்குத் தேவை. ஓணான் யாரையும் கடித்துக் கொன்றதில்லை. அதனால் அதன் முறை வரத் தாமதமாயிற்று.

நெப்போலியன் போர்கள் முடிந்து 1816இல் புதுச்சேரி மறுபடி பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. அந்த ஆண்டே ஜான்-பத்தீஸ்த் லெஷெனோ தெ லா தூர் என்ற தாவரவியலாளர் அங்கே வந்து தாவரத் தோட்டப் பொறுப்பை ஏற்றார். அதற்கு முன்பே ஆஸ்திரேலியக் கரைக்குப் போன பொதேன் பயணக் குழுவில் இருந்தவர், ஜாவாவிலும் சேகரித்தவர். புதுச்சேரியில் இருந்துகொண்டு சேலம், கோயம்புத்தூர், நீலகிரி, இலங்கை என்று சுற்றி, 1822இல் பிரான்சுக்குத் திரும்பினார். அவர் வேலை செடி. ஆனால் அருங்காட்சியகத்துக்கு அனுப்புகிறவர்கள் செடியோடு நிறுத்திக்கொள்வதில்லை. கையில் அகப்பட்டதெல்லாம் சாராயப் புட்டிக்குள் போகும்.

1826இல் லெஷெனோ இறந்துபோனார். மூன்று ஆண்டு கழித்து ஜார்ஜ் குவியே தன் ‘விலங்குலகம்’ நூலின் இரண்டாம் பதிப்பில், நான்கு விரல் கொண்ட இந்த ஓணானுக்கு ‘சித்தானா’ என்று புதிய பேரினமே வகுத்து, புதுச்சேரியின் பெயரை இனப்பெயராகச் சேர்த்தார்: சித்தானா பொந்திசெரியானா. அதே 1829இல் மில்ன்-எட்வர்ட்ஸ் இன்னொரு சிறு பல்லியை விவரித்து, அதற்கு லெஷெனோவின் பெயரையே வைத்தார். இன்று ஓபிசாப்ஸ் லெஷெனோல்ட்டி என்று வழங்குவது அதுதான். மெலிந்த உடம்பு, பக்கத்தில் வெளிர்க்கோடுகள், நீண்ட வால். அதன் கண்ணுக்கு மூடித் திறக்கும் இமை கிடையாது. பாம்புக்கு இருப்பதுபோலக் கண்ணாடித் தோல் மூடியிருக்கும். சரளை நிலத்தில் ஓடுகிறபோது அதன் நிழல்தான் முதலில் தெரியும். கிடைத்த இடம் என்று மில்ன்-எட்வர்ட்ஸ் சொன்னது ‘கோரமண்டல் கரை’.

புதுச்சேரி, கோரமண்டல் கரை. இவ்வளவுதான் இடக்குறிப்பு. ஒரு சர்வேயர் தன் குறிப்பேட்டில் இப்படி எழுதியிருந்தால் தாசில்தார் முகத்தில் விட்டெறிவார். எந்தக் கிராமம், எந்தப் புலம், மேடா பள்ளமா ஒன்றும் இல்லை. புதுச்சேரி என்றால் ஊரா, அந்த ஆளுகை முழுவதுமா, அங்கிருந்து கப்பல் ஏறிய எல்லாமுமா? அந்த வரிக்குப் பதில் தேட அடுத்த 187 ஆண்டு ஆயிற்று.

இடையில் வந்தவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. தாமஸ் காவெர்ஹில் ஜெர்டன் சென்னை ராணுவத்தின் மருத்துவர். நமக்கு வடக்கே நெல்லூரில் சிவில் சர்ஜனாக இருந்தவர். பறவை, எறும்பு, மீன், ஊர்வன என்று எதையும் விடவில்லை. தீபகற்ப இந்தியாவின் ஊர்வனப் பட்டியலை 1853இல் வெளியிட்டார். ரிச்சர்ட் ஹென்றி பெடோம் வனத்துறை அதிகாரி. நம் மாவட்டத்தை ஒட்டியிருக்கிற திருப்பதி மலையில் இருந்து 1870இல் ஒரு பொன்னிறப் பல்லியை விவரித்தார். காஞ்சி வரதராஜர் கோயிலில் தங்கப் பல்லியைத் தொட்டு வருகிற நம் ஜனங்கள், மலையில் அந்த நிறத்தில் உயிருள்ள பல்லியே உண்டு என்பதை அறியமாட்டார்கள். லண்டனில் ஆல்பர்ட் குந்தர் 1864இல் ‘பிரிட்டிஷ் இந்தியாவின் ஊர்வன’ எழுதினார். புலான்ஷே 1890இல் இன்னொரு தொகுதி கொண்டுவந்தார். சயாம் அரசவையில் மருத்துவராக இருந்து ஓய்வுபெற்ற மால்கம் ஸ்மித், 1935இல் பல்லி, ஓணான் வகைகளுக்கென்றே ஒரு தொகுதி எழுதினார். அதன் பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் இந்தியாவில் ஓணான் என்றால் ஸ்மித் சொன்னதுதான் தீர்ப்பு.

அந்தத் தீர்ப்பில், தொண்டையை விசிறிபோல விரிக்கிற இந்த விசிறி ஓணான் ஒன்றே ஒன்று. இமயமலை அடிவாரத்தில் இருந்து இலங்கை வரை, சோழமண்டல மணலில் இருந்து தக்காணப் பாறை வரை எல்லாம் சித்தானா பொந்திசெரியானா. ஜெர்டன் 1870இல் தக்காணத்து ஓணான் வேறு என்று சொல்லி, அதற்குத் தனிப் பெயரும் கொடுத்திருந்தார். அந்தப் பெயரையும் பெரிய பெயருக்குள் சேர்த்து மூடிவிட்டார்கள்.

இப்படிக் கூட்டிச் சேர்த்ததற்குக் காரணம் அவர்களின் அலட்சியம் இல்லை, சாராயம். ஆண் ஓணானின் தொண்டைத் தோல்தான் ஒன்றுக்கொன்று வேறுபாடு காட்டும் இடம். ஒரு பக்கத்தில் அது சின்னதாக வெளுத்திருக்கும். இன்னொரு பக்கத்தில் வெள்ளையில் நீலக்கோடு ஓடும். மராட்டிய மேட்டு நிலத்திலோ நீலம், கருப்பு, ஆரஞ்சு மூன்றும் பளீரென்று இருக்கும். புட்டிக்குள் போனால் நிறம் கரைந்துவிடும். தோலும் சுருங்கி மடங்கிக்கொள்ளும். லண்டனில் அலமாரி முன்னால் உட்கார்ந்திருந்தவருக்குத் தெரிந்தது ஒரே மாதிரியான பழுப்பு உடல்கள்தான். அவை உயிரோடு எப்படி இருந்தன என்பதை வெயிலில் நின்று பார்த்தவன் ஆடு மேய்ப்பவன். அவனை யாரும் கேட்கவில்லை.

பாலைவன ஓணான் ஒன்றின் கதையை இங்கே சொல்ல வேண்டும். பெயர் வைப்பது ஒரு வேலை, வகைப்படுத்துவது இன்னொரு வேலை என்பதை அது நன்றாகக் காட்டும். 1971 டிசம்பர் போரில் பெயர் பெற்ற லோங்கேவாலா, ஜைசல்மேர் மாவட்டத்து மணல்மேட்டில் இருக்கிறது. அங்கே கிடைத்த, தேரை மாதிரி தட்டையான தலை கொண்ட சின்ன ஓணானை, இந்திய விலங்கியல் அளவைத் துறையின் ஆர்.சி. சர்மா 1978இல் புதிய இனமாக விவரித்தார். மணலில் உடம்பைச் சிலுப்பிக் கண் மூடித் திறப்பதற்குள் புதைந்துகொள்ளும் பிராணி. நடு ஆசியப் பாலைவனங்களில் இதே மாதிரி தலையுள்ள ஓணான்கள் நிறைய உண்டு, பேரினம் ஃபிரைனோசெபாலஸ். சர்மாவும் அதிலேயே இதைச் சேர்த்தார். 1992இல் லண்டனின் ஆர்னால்ட் எலும்பையும் உள்ளுறுப்பையும் ஒப்பிட்டு, இது அந்தக் கூட்டம் இல்லை என்று காட்டி, பூஃபோனிசெப்ஸ் என்று தனிப் பேரினம் வகுத்தார். இனம் சர்மா கண்டதுதான். அதில் மாற்றம் இல்லை. அது யாருக்குச் சொந்தக்காரன் என்பதுதான் மாறிற்று. மணலில் வாழ்கிற வாழ்க்கை ஒரே மாதிரி முகத்தைத் தந்துவிடும். முகத்தை நம்பி உறவு சொல்லக் கூடாது.

நம் விசிறி ஓணானுக்கு நடந்தது இதன் மறுபக்கம். அங்கே தள்ளி இருந்ததைக் கூட்டத்தில் சேர்த்திருந்தார்கள். இங்கே கூட்டத்தையே ஒற்றை ஆளாக எழுதியிருந்தார்கள். 1998இல் நேபாளத் தாழ்நிலத்தில் இருந்து இரண்டாவது, மூன்றாவது என்று புதிய சித்தானாக்கள் வரத் தொடங்கின. 2015இல் இலங்கை ஆய்வாளர்களும் பாரிஸ் அருங்காட்சியகத்தின் இவான் இனேய்க்கும் சேர்ந்து, இலங்கை ஓணான்கள் புதுச்சேரி ஓணான் இல்லை, அவை இரண்டு தனி இனங்கள் என்று எழுதினார்கள். அதற்கு அவர்கள் குவியே கால மூலப் பிரதிகளைத் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

ஏன் அப்படி என்று கேட்டால், எங்கள் தொழிலை வைத்துச் சொல்வது எளிது. ஒருவர் மனு போட்டுத் தன் புலத்தை அளக்கச் சொன்னால், நாங்கள் நேராக அவர் நிலத்தில் போய் செயினைப் போடுவதில்லை. பழைய கல் ஒன்றை, சந்தேகத்துக்கு இடமில்லாத கல்லை, முதலில் கண்டுபிடிக்க வேண்டும். மூன்று கிராம எல்லை சேர்கிற இடத்துக் கல் கிடைத்தால் உத்தமம். அதில் இருந்து ஜி-லைன் என்கிற அளவுக்கோட்டைப் பிடித்து வந்தால்தான் இவர் நிலம் எது, பக்கத்து நிலம் எது என்று சொல்ல முடியும். முதல் கல் நகர்ந்திருந்தால் அதன் பிறகு அளந்தது எல்லாம் நகர்ந்திருக்கும். விலங்கியலிலும் அதே நியாயம்தான். புதுச்சேரி ஓணான் எது என்று தீர்க்காமல், மற்றது எதையும் ‘புதியது’ என்று சொல்ல முடியாது. முந்திய பெயருக்கே முன்னுரிமை என்பது அவர்களின் பன்னாட்டு விதி. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மூலப் பிரதி அருங்காட்சியகத்தில் இருக்க வேண்டும். அது கிடைத்த மூல இடம் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

2016இல் அந்த வேலையைப் பெரிய அளவில் முடித்தவர் வி. தீபக். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பிரவீண் கரந்தின் ஆய்வகத்தில் இருந்துகொண்டு, வரத் கிரி முதலிய கூட்டாளிகளோடு தீபகற்பம் முழுக்க வெட்டவெளிகளில் அலைந்து சேர்த்தவர். இந்த ஆய்வில் ஓணான் பிடிக்கிற முறையைக் கேட்டால் நம் பையன்கள் சிரிப்பார்கள். நீளக் கழியின் நுனியில் நூல் சுருக்கு. நாங்கள் சிறுவயதில் தென்னை ஈர்க்குச்சியில் சுருக்குப் போட்டு ஓணான் பிடித்த அதே வித்தையை, உலகெங்கும் பல்லி ஆராய்ச்சிக்காரர்கள் தூண்டில் கழியில் செய்கிறார்கள். பிடித்தபின் நாம் செய்தது பாவம். அவர்கள் செய்வது அளவு. மூக்கு நுனியில் இருந்து கழிவாய் வரை நீளம், தலையின் அகலம், தொடை, முன்கை, உடம்பின் நடுவில் ஒரு சுற்றில் எத்தனை செதில், முதுகுச் செதிலுக்கு மேடு உண்டா, தொண்டைத் தோல் மார்பைத் தாண்டி எவ்வளவு தூரம் பின்னால் போகிறது. உயிரோடு இருக்கும்போதே நிறத்தைப் படம் எடுத்துவிடுவார்கள். சாராயம் தின்றுவிடும் என்பது இப்போது தெரியும் அல்லவா. கடைசியாக ஒரு திசுத் துணுக்கு. அதில் இருந்து மரபணு வரிசையைப் படித்து, யார் யாருக்கு அண்ணன் தம்பி என்று வம்ச மரம் வரைவார்கள்.

அளவு ஒரு பக்கம், மரபணு ஒரு பக்கம், இரண்டும் ஒரே எல்லையைக் காட்டினால்தான் இனம் என்று எழுதுவார்கள். அப்படி எழுதியபோது ஐந்து புதிய இனங்களும் ஒரு புதிய பேரினமும் வந்தன. வண்ணத் தொண்டைக்காரர்கள் சித்தானாவே இல்லை என்று தெரிந்தது. அவர்களுக்கு ‘சாரடா’ என்று மராத்திப் பெயரில் பேரினம். ஜெர்டன் 1870இல் தனியாகச் சொன்ன தக்காண ஓணான் அந்தப் பேரினத்தில் தன் பழைய பெயரோடு வந்து உட்கார்ந்தது. அவர் 1872இலேயே இறந்துவிட்டார். அவர் பக்கம் தீர்ப்பு வர 146 ஆண்டு. ஐந்தில் ஒன்று தமிழ்நாட்டு இனம், பெயர் சித்தானா விசிறி; பனையோலை விசிறியை நினைத்து வைத்தது. அதே ஆண்டில் தென்கோடிச் சமவெளியில் இருந்து இன்னொன்றுக்குச் சங்கத் திணைகள் இரண்டைச் சேர்த்து ‘மருதம்நெய்தல்’ என்று பெயர் வந்தது. வயல் முடிந்து கடல்மணல் தொடங்குகிற இடத்துப் பிராணிக்கு அந்த முகவரி பொருத்தம்தான்.

கண்டுபிடித்தது என்கிற சொல்லைச் செய்தித்தாளில் படித்துவிட்டு, எங்கோ எட்டாத காட்டில் இருந்து எடுத்து வந்ததாக நினைக்கிறோம். இந்த இனங்கள் எல்லாம் ஊர் ஓரத்தில் இருந்தவை. கிரிக்கெட் ஆடுகிற மைதானத்தின் விளிம்பிலும், சுடுகாட்டு மேட்டிலும், ரயில் பாதைச் சரளையை ஒட்டிய வெளியிலும் ஓடியவை. நம் பகுதி இருளர் குடும்பங்களுக்கு எந்த வளையில் எது இருக்கும், எந்தத் தடம் காலையில் விழுந்தது என்று தெரியும். அந்த அறிவை வைத்து 1978இல் வடநெம்மேலியில் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவாகி, நாட்டுக்கே விஷமுறிவு மருந்துக்கு நஞ்சு கொடுத்தது. 2023இல் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ வந்தது. பாம்புக்கு மட்டும்தான் அந்த மரியாதை. ஓணானைப் பற்றி அவர்களிடம் கேட்டு எழுதிய புத்தகம் ஒன்றும் என் கண்ணில் பட்டதில்லை.

இப்போது லெஷெனோவின் பெயரைச் சுமக்கிற மற்றப் பல்லிக்கு வருகிறேன். என் தொழிலை நேராகத் தொடுவது அதுதான். அந்தப் பல்லிக் குடும்பம் ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியப் பாலைகளிலும் பரந்து கிடப்பது. ஓபிசாப்ஸ் பேரினத்தின் உறவினர் துருக்கியிலும் சிரியாவிலும் இருக்கிறார்கள். வறண்ட வடமேற்கு வழியாக இந்தியாவுக்குள் வந்து, வெட்டவெளியைப் பிடித்துக்கொண்டு தெற்கே இறங்கிய கூட்டம் இது. அடர்ந்த காட்டில் இதற்கு வேலை இல்லை. வெயிலும் புல்லும் சரளையும் வேண்டும். 2017இல் இஷான் அகர்வாலும் உமா ராமகிருஷ்ணனும் இந்தப் பேரினத்தின் வம்ச மரத்தை மரபணு வைத்து வரைந்து காலக்கணக்குப் போட்டார்கள். இங்கே இது பல கிளையாகப் பிரிந்த காலம், மனிதன் கோடரியோடும் ஆட்டு மந்தையோடும் வருவதற்கு வெகு காலம் முன்பே. அப்படியென்றால் இது பிழைப்பதற்கான புல்வெளியும் அப்போதே இருந்தாக வேண்டும்.

இது சாதாரண செய்தி இல்லை. நம் அதிகாரிகளும் பள்ளிப் பாடங்களும் நெடுங்காலமாகச் சொல்லி வந்தது வேறு: வெட்டவெளி என்றால் அது அழிந்த காடு, மனிதன் வெட்டி, ஆடு தின்று, மிச்சம் கிடப்பது, எனவே மரம் நடு, இல்லையென்றால் ஆலை கட்டு. எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கொருவர் கைகொடுத்துப் பொய் சொல்லும் ஆட்களைப் பார்த்து ‘வேலிக்கு ஓணான் சாட்சி, ஓணானுக்கு வேலி சாட்சி’ என்போம். இந்த வழக்கில் சாட்சி ஓணான் இல்லை, பல்லி; அது சொன்னதை மரபணுவும் ஒத்துக்கொண்டிருக்கிறது. புல்வெளி இங்கே வந்தேறி இல்லை. மனிதன் வருவதற்கு வெகு காலம் முன்பே இருந்த பழைய குடி.

வருவாய்ப் பதிவேட்டில் அதற்கு இடம் இல்லாமல் போனதற்கும் வரலாறு உண்டு. பொன்னேரிப் பக்கம் உட்பட்ட செங்கல்பட்டு ஜாகீரைக் கம்பெனிக்காக 1767 முதல் 1774 வரை அளந்தவர் தாமஸ் பார்னார்டு. ஏரி, தோப்பு, நத்தம், காடு, மேடு எல்லாம் கிராமவாரியாகக் கணக்கில் வந்தன. பின்னால் ரயத்வாரி வந்தபோது கேள்வி ஒன்றாகச் சுருங்கிற்று: இந்தத் துண்டு தீர்வை கட்டுமா? நஞ்சைக்கு ஒரு தீர்வை, புஞ்சைக்கு ஒரு தீர்வை. கட்டாதது தரிசு, அதிலும் தீர்வை விதித்த தரிசு, விதிக்காத தரிசு. பொதுவில் இருப்பது புறம்போக்கு, மாடு மேய்வது மேய்க்கால். 1979இல் தொடங்கிய யூ.டி.ஆர். திட்டத்தில் பட்டாவெல்லாம் திருத்தி எழுதினோம். உரிமையாளர் பெயர்களில்தான் எங்கள் கவனம். வகைப்பாடு வந்தபடி வந்தது. தீர்வைக்காக எழுதிய குறிப்பு அது. நிலத்தில் என்ன வாழ்கிறது என்று சொல்ல எழுதியது இல்லை. ஆனால் படிக்கிறவர்கள் அப்படித்தான் படித்தார்கள்.

1971இல் அரசின் தொழில் வளாக நிறுவனமான சிப்காட் வந்தது. கும்மிடிப்பூண்டியில் வளாகம் வந்தபோது ஜி.என்.டி. சாலை ஓரத்தில் இரும்பு உருக்கு ஆலைகளும் ரசாயன ஆலைகளும் நின்றன. வேலை வந்தது, வாடகை வந்தது, நெல்லூரில் இருந்தும் பீகாரில் இருந்தும் ஆட்கள் வந்தார்கள். அதை நான் குறை சொல்லவில்லை. என் தெருவில் பாதி வீடு அந்தச் சம்பளத்தில் கட்டியது. 2000களின் கடைசியில் தேர்வாய் கண்டிகையில் ஆயிரம் ஏக்கருக்கு மேல் மேய்ச்சல் நிலமும் குறுங்காடும் சிப்காட்டுக்குப் போனது. அங்கே மிஷ்லின் டயர் ஆலை வந்தது. ஊர்க்காரர்கள் ஆட்டுக்கும் மாட்டுக்கும் போக்கிடம் இல்லை என்று போராடினார்கள். அவர்கள் வாதத்தில் பிழைப்பு இருந்தது, ஏரிக்கு வரும் நீர் இருந்தது. ஓணானை யாரும் சேர்க்கவில்லை; சேர்த்திருந்தால் சிரித்திருப்பார்கள்.

ஆலை மட்டும்தான் எதிரி என்று சொல்லி முடித்துவிடவும் முடியாது. மராட்டியத்தில் சதாரா பக்கம் சால்கேவாடி மேட்டில் காற்றாலைகள் சுற்றுகின்றன. அங்கே இருப்பது சாரடா சூபர்பா. 2018இல் மரியா தாக்கரும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வில், காற்றாலை உள்ள இடத்தில் பருந்து வகைகள் குறைந்து, ஓணான்கள் பெருகியிருந்தன. துரத்துகிறவன் இல்லாததால் அவற்றின் ரத்தத்தில் பயத்தின் சுரப்பு குறைந்திருந்தது. ஆண்களின் தொண்டை நிறமும் மங்கியிருந்தது. ஒரு தூணை நட்டால் அதன் நிழல் எங்கெல்லாம் விழுகிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. நட்டவர்களுக்குக் கெட்ட எண்ணம் இல்லை. போய்ப் பார்த்தவர்கள் இருந்ததால் இது தெரிந்தது.

நம் பக்கம் ஆலையைவிட ஓசையில்லாமல் வேலை செய்கிறவை இரண்டு. ஒன்று சீமைக் கருவேலம். மணலையும் சரளையையும் மூடி நிழலாக்கிவிடும். நிழலான இடத்தில் வெயில் வேண்டிய ஓணான் நிற்காது. மற்றது சவுடு மண் குவாரி. மேலே கிடக்கிற மண்ணில்தான் பெண் ஓணான் குழி பறித்து முட்டை வைக்கும். லாரி அள்ளிக்கொண்டு போவது அந்த மண்ணைத்தான். முட்டையும் அதோடு போய் யாரோ ஒருவர் மனைக்கு அடித்தளம் ஆகும்.

இழப்பு ஒரு பிராணியோடு முடிவதில்லை என்பதே இதில் எனக்குள்ள கவலை. மூல இடம் என்பது ஒரு வரி; அந்த வரி உண்மைதானா என்று சரிபார்க்க அந்த இடம் அங்கே இருக்க வேண்டும். பாரிஸில் புட்டி பத்திரமாக இருக்கலாம். புதுச்சேரியைச் சுற்றிய வெளியும் சோழமண்டல மணலும் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்ததால்தான், இரண்டு நூற்றாண்டுக் குழப்பத்தைத் தீர்க்க உயிருள்ள ஓணானைத் தேடிப் போக முடிந்தது. இனி வருகிற தீபக்குகளுக்கு நம் வட்டங்களில் எத்தனை இடம் மிஞ்சும்? அரிசிப் பருமனுள்ள செதில் வேறுபாட்டில் ஓர் இனம் ஒளிந்திருக்கக் கூடிய நிலம் இது. முதல் கல்லைப் பிடுங்கிவிட்டு அடுத்த புலத்தை அளக்க எந்த சர்வேயராலும் ஆகாது.

செய்யக்கூடியது ஒன்று உண்டு. அதற்குப் புதுச் சட்டம் வேண்டாம். கிராம நிலக் கணக்கான அ-பதிவேட்டில் கடைசிக் கலம் குறிப்புக்கானது. கிணறு இருந்தால், புளியமரம் இருந்தால், பாதை போனால் அதில் எழுதுவோம். நிலத்தை வகை மாற்றுவதற்கு முன் தணிக்கைக்குப் போகிற அலுவலர், கல்லூரி விலங்கியல் துறையில் இருந்து ஒருவரையும், அந்த வெளியில் ஆடு மேய்க்கும் ஒருவரையும் கூட அழைத்துக்கொண்டு போகட்டும். சித்திரை, வைகாசியில் போகட்டும். காலை பத்து மணிக்கு மேல், வெயில் ஏறியபின் போகட்டும். பார்த்ததை அந்தக் கலத்தில் இரண்டு வரி எழுதட்டும். ஐப்பசி மழையில் போய் நின்று ‘ஒன்றும் இல்லை’ என்று எழுதினால் அது பொய்யாகாதுதான். ஆனால் அதைத் தணிக்கை என்று நான் கையெழுத்துப் போட மாட்டேன். எல்லாம் பார்த்தபின்பும் ஊருக்கு ஆலைதான் முக்கியம் என்று முடிவெடுக்கலாம். அது அரசின் உரிமை. தரிசு என்று எழுதுவதானாலும், பார்த்துவிட்டு எழுதுவோம்.